மாதம் ஒரு போட்டிக்குத் தம்பியை அனுப்பலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 20 வயது. அமெச்சூர் குத்துச்சண்டையில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவன். தொழில்முறைக்கு வரச் சொல்லி ஒருவர் அழைக்கிறார். மாதம் ஒரு போட்டி, ஆறு மாத ஒப்பந்தம் என்கிறார். “அந்தக் காலத்து வீரர்கள் மாதம் இரண்டு முறை மோதினார்கள். இன்றைய சாம்பியன்கள் வருடத்துக்கு இரண்டு முறைதான் இறங்குகிறார்கள், பயந்தவர்கள்” என்று தம்பி வாதாடுகிறான். அனுப்பலாமா?
– வாசகி, திருமங்கலம்

சகோதரி, மாதம் ஒன்று என்று தேதி குறித்துக் கட்டிப்போடும் ஒப்பந்தத்தில் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். அதற்காக வருடத்துக்கு இரண்டு போட்டி போதும் என்றும் சொல்ல மாட்டேன். தம்பி சொல்லும் கணக்கு சரி. அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவுதான் தவறு.

அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் 1937-இல் 27 போட்டிகளில் மோதி அனைத்திலும் வென்றார், அவற்றில் 26 நாக் அவுட். சுகர் ரே ராபின்சன் 1943 பிப்ரவரி 5 அன்று ஜேக் லாமோட்டாவிடம் தன் முதல் தொழில்முறைத் தோல்வியைச் சந்தித்தார். இரண்டே வாரத்தில் வேறொருவருடன் மோதினார். 26-ஆம் தேதி மீண்டும் லாமோட்டாவுடன் இறங்கி, இம்முறை வென்றார். மூன்று வாரங்களில் மூன்று சண்டை! இதற்கு எதிரே, 1996-இல் தொடங்கிய ஃபிளாய்ட் மேவெதர் 2017 வரை மோதியது மொத்தம் 50 முறை.

இந்த வித்தியாசத்துக்கு முதல் காரணம் வயிறு. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் ஒரு சண்டையில் கிடைத்த கூலி சில வாரங்களுக்குத்தான் வரும். அமெரிக்க நகரங்களில் தெருவுக்குத் தெரு சிறிய அரங்குகள் இருந்தன, வாரந்தோறும் டிக்கெட் விற்றன, அவற்றுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1950-களில் தொலைக்காட்சி சண்டையை வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்ததும் அந்த அரங்குகள் ஒவ்வொன்றாக மூடின. பிற்காலத்தில் சண்டைக்கென்று தனிக் கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தே பார்க்கும் முறை வந்தது. பெரிய வீரருக்கு ஒரே இரவில் பல ஆண்டு வருமானம் கிடைத்துவிடுகிறது. அவர் ஏன் மாதாமாதம் மோத வேண்டும்?

தோல்வியின் விலையும் கூடிவிட்டது. ராபின்சனின் தோல்வி அதே மாதத்தில் பழைய கதையானது. இன்று தோற்காத பதிவுதான் விற்பனைச் சரக்கு, ஒரு தோல்வி கோடிகளைக் குறைக்கிறது. பட்டம் வழங்க நான்கு அமைப்புகள், ஆளுக்கொரு ஏற்பாட்டாளர், ஆளுக்கொரு ஒளிபரப்பு ஒப்பந்தம். பெரிய சண்டை முடிவாகவே ஆண்டுகள் ஆகிவிடலாம். மேவெதருக்கும் பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியோவுக்கும் சண்டை வைக்க 2009-இல் பேச்சு தொடங்கியது. அவர்கள் மோதியது 2015 மே மாதத்தில்.

இவையெல்லாம் பணக் கணக்குகள். நான் தம்பியை உட்காரவைத்துப் பேச விரும்பும் காரணம் வேறு.

குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். விளையாட்டு அதைக் காதில் வாங்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 1982 நவம்பரில் ரே மான்சினியிடம் 14-ஆம் சுற்றில் வீழ்ந்த தென்கொரிய வீரர் கிம் டுக் கூ சில நாட்களில் இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12-ஆகக் குறையத் தொடங்கின. நாக் அவுட் ஆனவருக்குக் கட்டாய ஓய்வு, தலை ஸ்கேன் போன்ற கெடுபிடிகளும் படிப்படியாக இறுகின. அடிக்கடி மோதிய அந்தத் தலைமுறை எப்படி முடிந்தது என்று தம்பியைத் தேடிப் படிக்கச் சொல்லுங்கள். ராபின்சனுக்குக் கடைசிக் காலத்தில் அல்சைமர். முகமது அலியுடன் மோதிய ஜெர்ரி குவாரி மூளை மழுங்கி 53 வயதில் இறந்தார். இவர்கள் தைரியம் குறைந்தவர்களும் அல்லர், திறமை குறைந்தவர்களும் அல்லர்.

இனி உங்கள் வீட்டு விஷயம். புதிதாக வருபவர் அடிக்கடி மோதித்தான் வளர முடியும். விஜேந்தர் சிங் 2015 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்து, அடுத்த ஆண்டு டிசம்பருக்குள் 8 போட்டிகளில் மோதினார். அதன்பின் 2022 வரை அவர் கண்டது ஆறுதான். தொடக்கத்தில் வேகம், எதிராளிகள் கடினமாகும்போது நிதானம் என்பது நல்ல வழி. தம்பிக்கு நான்கு சுற்றுப் போட்டிகளாக, ஆறு முதல் பத்து வாரத்துக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து. அடி வாங்காமல் எளிதாக வென்றால் இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கலாம். கடுமையாக அடிபட்டால் ஒப்பந்தத் தேதி எதுவானாலும் தள்ளிப்போட வேண்டும். அந்த உரிமை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் நெடுங்காலமாக உள்ள விதியைத் தம்பியும் அறிந்திருப்பார்: தலையில் அடிபட்டு ஒருமுறை நாக் அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ஓய்வு, மூன்று மாதத்துக்குள் இரண்டாவது என்றால் 90 நாள், ஓராண்டில் மூன்று என்றால் ஒரு வருடம். தொழில்முறையிலும் இதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சி மோதலில், வாங்கும் அடியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். மேடையில் 12 நிமிடம் மோதுகிற பையன் அதற்கு முந்தைய வாரங்களில் பயிற்சிக்கூடத்தில் மணிக்கணக்கில் தலையில் வாங்குகிறான், அதை யாரும் எழுதிவைப்பதில்லை. சண்டைக்குப் பின் விடாத தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், இவற்றில் எது தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

எடைக் குறைப்பு இன்னொரு ஆபத்து. மாதாமாதம் மோதினால் மாதாமாதம் எடையை இறக்க வேண்டும். மதுரை சித்திரை வெயிலில் ரப்பர் உடையணிந்து ஓடி, தண்ணீர் குடிக்காமல் கிடந்து மூன்று நான்கு கிலோ குறைப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் வற்றிய உடலோடு தலையில் அடி வாங்குவது மிகக் கொடியது. இயல்பான எடைக்கு அருகிலுள்ள பிரிவிலேயே அவர் மோதட்டும்.

அழைப்பவரிடம் நேராகக் கேளுங்கள்: போட்டிக்கு உரிமம் தருவது யார், மேடையருகே மருத்துவரும் ஆம்புலன்ஸும் இருப்பார்களா, காப்பீடு எவ்வளவு, ஸ்கேன் செலவு யாருடையது, எதிராளியின் எடையும் பதிவும் எத்தனை நாள் முன்பு தெரியும்? அலங்காநல்லூரில் வாடிவாசலுக்கு வரும் காளைக்கே கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்று வேண்டும். உங்கள் தம்பிக்கு அதற்குக் குறைந்த பரிசோதனை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கடைசியாக, வேலை. ரயில்வே, காவல்துறை போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீடு அங்கீகரிக்கப்பட்ட அமெச்சூர் போட்டிச் சான்றிதழ்களைப் பார்த்துத்தான் நடக்கிறது. தொழில்முறைக்குப் போனால் அந்தக் கதவு எந்த அளவுக்குத் திறந்திருக்கும் என்பதை, கையெழுத்துப் போடுவதற்கு முன் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்திலுள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தம்பியையும் உடன் அழைத்துப் போங்கள்.