பித்தப்பையை எடுத்தபின் வீட்டில் தேறும் நாட்கள்: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம்?

எதிர்பாராமல் பித்தப்பையை அகற்ற வேண்டி வந்ததாகவும், மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வயிற்றில் நான்கு சிறிய தையல்கள்தான் இருக்கின்றன, ஆனால் எழுந்து நடமாடவே இத்தனை களைப்பு ஏன், என்ன சாப்பிடலாம், வீட்டு வேலைகளை எப்போது தொடங்கலாம் என்பவை உங்கள் கேள்விகள். இதே அறுவை சிகிச்சையை இதே போன்ற அவசரத்தில் செய்துகொண்டு, மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி வீட்டில் தேறியவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. உங்கள் அறுவை மருத்துவர் சொன்னதும் நான் சொல்வதும் மாறுபட்டால், அவர் சொன்னதையே கேளுங்கள்.

நான் கண்டவரை, இந்த நாட்களில் சுற்றியிருப்பவர்கள் உணவைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள். பளு தூக்குவதைக் கண்டோ, ஓய்வில்லாமல் போவதைக் கண்டோ அஞ்சுவதே இல்லை. உங்கள் கேள்வியிலும் அந்தச் சாயல் தெரிவதால், அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் களைப்பு. வெளியே தெரியும் வெட்டுகள் 5 முதல் 10 மில்லிமீட்டர் நீளமே இருந்தாலும், உள்ளே நடந்த வேலை சிறியதன்று. வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி விரித்து, பித்தப்பைக்குச் செல்லும் இரத்தக் குழாயையும் அதன் பித்தக் குழாயையும் கிளிப் போட்டு அடைத்து வெட்டி, கல்லீரலின் அடிப்பரப்பில் ஒட்டியிருக்கும் பையைப் பிரித்து எடுக்கிறார்கள். முன்பே நாள் குறித்துச் செய்துகொள்பவர் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி, மனத்தைத் தயார்செய்துகொண்டு போகிறார். நம்மைப் போன்றவர்களோ வலியும் வாந்தியும் காய்ச்சலுமாக இருந்த நிலையிலிருந்து நேராக அறுவை அரங்குக்குப் போகிறோம். எனக்கு ஒரு கல்யாண விருந்துக்குப் பின் வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி தோள்பட்டை எலும்பு வரை இழுத்தது. வீட்டில் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்றே சொன்னார்கள். காய்ச்சலும் சேர்ந்த பிறகு எடுத்த ஸ்கேனில், பித்தப்பையின் கழுத்தில் கல் அடைத்து, பையின் சுவர் வீங்கியிருந்தது தெரிந்தது. அழற்சி, பட்டினி, மயக்க மருந்து, ஆன்டிபயாடிக் ஆகிய நான்கும் சேர்ந்து தரும் களைப்பு அது. அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள்.

இதில் உறவினர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். பெரியவர்கள், ஒரு மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்பார்கள். இளையவர்கள், நாலு ஓட்டைதானே, அடுத்த வாரம் அலுவலகம் போகலாம் என்பார்கள். பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் 1882இல் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுகள், வயிற்றை நீளமாகத் திறந்தே இதைச் செய்துவந்தார்கள். ஜெர்மனியின் எரிக் மியூஹே 1985இல், சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் செலுத்தும் லேப்ராஸ்கோபி முறையில் செய்தார். இந்தியாவில் மும்பையின் டெஹம்டன் உத்வாடியா 1990இல் செய்தார். என் பெரியம்மாவுக்கு அதற்கு முன்பே பழைய முறையில் நடந்ததால், விலாவை ஒட்டிய நீண்ட தழும்பும், பல வாரங்கள் படுத்திருந்த நினைவும் எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. திறந்த முறையில் தேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்றால், லேப்ராஸ்கோபியில் பெரும்பாலோர் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் இலகுவான வேலைகளுக்குத் திரும்புகிறார்கள். ஆனால் அழற்சி முற்றிய நிலையில் அவசரமாகச் செய்துகொண்டவர்கள் அந்த இரண்டு வாரத்தைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வதே நல்லது.

முதல் சில நாட்களில் என்னை மிகவும் பயமுறுத்தியது வயிற்று வலி அன்று, தோள்பட்டை வலி. வயிற்றுக்குள் எஞ்சிய வாயு, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால், அதற்கும் தோளுக்கும் பொதுவான நரம்புப் பாதை வழியாக வலி தோளில் தெரிகிறது, பெரும்பாலும் வலது பக்கம். மெதுவாக நடக்க நடக்கவும், தலைப்பக்கம் உயர்த்திச் சாய்ந்து படுக்கவும் இது இரண்டு மூன்று நாட்களில் தணியும். மார்பை அழுத்துவது போன்ற வலியோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் மட்டும் அதை வாயு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பாயில் படுக்கும் வழக்கம் இருந்தால் இந்த நாட்களுக்குக் கட்டிலுக்கு மாறுங்கள். எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து வயிற்றை இறுக்கி எழாமல், ஒரு பக்கம் திரும்பி, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழுங்கள். இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்தால் தையல் இழுக்கும் வலி பாதியாகும். மருத்துவமனையில் மூன்று பந்து உள்ள கருவி கொடுத்திருந்தால், அதை ஊதக்கூடாது. மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்ப வேண்டும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதால் நுரையீரலில் சளி தங்காமலிருக்கவே அதைத் தருகிறார்கள்.

பெண்களுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். தொப்புளை ஒட்டிய தையல்தான் பெரும்பாலும் கடைசியில் ஆறுகிறது. பாவாடை நாடாவும் சுடிதார் நாடாவும் சரியாக அந்த இடத்தில்தான் இறுகுகின்றன. தையல் ஆறும்வரை தளர்ந்த பருத்தி நைட்டியே போதும், விருந்தினர் வந்தாலும் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இருந்துவிடுங்கள். சென்னையின் வியர்வையில் பிளாஸ்திரி நனைந்து ஊறிவிடும். நனைந்ததை அப்படியே விடாமல், மருத்துவமனையில் சொன்ன முறைப்படி மாற்றுங்கள். எப்போது முதல் தண்ணீர் ஊற்றிக் குளிக்கலாம் என்பதை வீடு திரும்பும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. பலருக்கு ஓரிரு நாளிலேயே அனுமதிக்கிறார்கள், குளித்தபின் புண்ணைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் போதும். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதையும் தையலின்மேல் தடவ வேண்டாம். எண்ணெய்க் குளியலையும் புண் முழுதும் ஆறும்வரை தள்ளிப்போடுங்கள்.

இனி, யாரும் அஞ்சாத பளுவைப் பற்றி. நம் ஊரில் ஒரு தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. வாசலில் வைத்துவிட்டுப் போன கேனை உருட்டிக்கொண்டு வந்து கவிழ்ப்பது, ஈரத்துணி நிறைந்த வாளியை மொட்டை மாடிக்குத் தூக்குவது, கிரைண்டர் கல்லைக் கழற்றிக் கழுவுவது, சிலிண்டரை நகர்த்துவது, குழந்தையை இடுப்பில் வைப்பது ஆகியவற்றை வேலை என்றே நாம் எண்ணுவதில்லை. தோல் ஆறிய பிறகும் அதற்கடியில் உள்ள தசைப் படலம் வலுப்பெற வாரங்கள் ஆகும். அதற்குள் பளு தூக்கினால் தொப்புள் பக்கத் துளை வழியாகக் குடலிறக்கம் (ஹெர்னியா) வர வாய்ப்புண்டு. ஆகவே நான்கு முதல் ஆறு வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்காதீர்கள். வீட்டில் கணவரோ மகனோ இருந்தால், இந்த வாரங்களில் அடுப்படியை முழுமையாக அவர்களிடம் விட்டுவிடுங்கள் என்பது என் உறுதியான எண்ணம். கூட நின்று உதவுகிறேன் என்று தொடங்கினால், இரண்டாம் நாளே முழுச் சமையலும் நம் கைக்கு வந்துவிடும்.

நடை மட்டும் முதல் நாளிலிருந்தே வேண்டும். அது காலில் இரத்தம் உறையாமல் காக்கிறது, வாயுவைக் கலைக்கிறது, மலச்சிக்கலையும் குறைக்கிறது. வீட்டுக்குள்ளேயே தொடங்கி, வெயில் தாழ்ந்த பின் மாடியிலோ தெருவிலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். படி ஏறலாம், நிதானமாக. மறுபரிசோதனைக்கு ஆட்டோவில் போகும்போது வேகத்தடைகளுக்காக ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரை இல்லாமல், சட்டென்று பிரேக் பிடித்தாலும் வயிறு வலிக்காது என்ற நிலை வந்த பிறகே ஸ்கூட்டரை எடுங்கள்.

உணவில்தான் கட்டுக்கதைகள் அதிகம். கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை கொள்வது 30 முதல் 50 மில்லி லிட்டர்தான். அதைச் செறிவூட்டி வைத்திருந்து, கொழுப்புள்ள உணவு வரும்போது மொத்தமாக விடுவது அதன் வேலை. மேல்நிலைத் தொட்டியை எடுத்துவிட்டுக் குழாயை நேராக இணைத்தது போல, இனி பித்தநீர் குடலுக்குள் இடைவிடாமல் சிறிது சிறிதாக இறங்கும். இதிலிருந்தே உணவு முறை விளங்கிவிடும்: கொழுப்பு கூடவே கூடாது என்பதில்லை, ஒரே வேளையில் அதிகமாகக் கூடாது. மூன்று வேளைப் பெருஞ்சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரியுங்கள். முதல் வாரத்தில் இட்லி, இடியாப்பம், குழைந்த ரசம் சாதம், நீர் மோர், வேகவைத்த காய்கள் எல்லாம் ஒத்துக்கொள்ளும். வடை, பஜ்ஜி, பூரி, பிரியாணி, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவை சில வாரங்கள் காத்திருக்கட்டும்.

ஆனால் வெறும் கஞ்சியிலேயே வாரக்கணக்கில் வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பருப்பு, தயிர், வேகவைத்த முட்டை, குழம்பில் போட்ட மீன் ஆகியவற்றை வயிறு ஏற்கும் அளவில் சேருங்கள். பால் குடித்ததும் வயிறு கலங்கினால், பாலையே நிறுத்தும் முன் பாக்கெட்டின் நிறத்தைப் பாருங்கள்: ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 விழுக்காடு, நீலத்தில் 3 விழுக்காடு. நீலத்துக்கு மாறியதும் எனக்குக் காப்பி ஒத்துக்கொண்டது. வெறும் வயிற்றில் மட்டும் குடிப்பதில்லை. தேங்காய்ச் சட்னி, நெய், முறுகல் தோசை என்று ஒவ்வொன்றாக, ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் சேர்த்துப் பார்த்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். பெரும்பாலோர் சில வாரங்களில் முன்பு உண்டதையே உண்கிறார்கள்.

முதலில் மலச்சிக்கல் வரலாம். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் அதற்குக் காரணமாகலாம். முக்காமல், தண்ணீரையும் பழத்தையும் கூட்டி, தேவையென்றால் மருத்துவரிடம் இளக்கி மருந்து கேளுங்கள். பின்னர் சிலருக்கு நேர்மாறாக, சாப்பிட்ட உடனே வயிறு போகும்; பித்த உப்புகள் பெருங்குடலைத் தூண்டுவதால் வருவது இது, பெரும்பாலும் தானே குறையும். குறையாமல் நீடித்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பித்த உப்பைப் பிடித்துவைக்கும் கொலஸ்டைரமின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், உணவு குறைந்த இந்த நாட்களில் அளவை மாற்ற வேண்டுமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் மிச்சமிருக்கும் கல் கரையும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது சிறுநீரகக் கல்லுக்காக வழங்கிவரும் கைவைத்தியம். பித்தக் கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மையில் அஞ்ச வேண்டியவற்றை இப்போது சொல்கிறேன், வீட்டில் உள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், கண் வெள்ளையில் மஞ்சள், சிறுநீர் கட்டங்காப்பி நிறமாவது, மலம் வெளுத்துப்போவது, குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, நிற்காத வாந்தி, தையலில் சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. கிளிப் போட்டு அடைத்த இடத்தில் பித்தநீர் கசியலாம். பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தக் குழாயில் ஒரு கல் தங்கியிருக்கலாம். அப்படித் தங்கிய கல்லை வாய்வழியாக எண்டோஸ்கோப் செலுத்தியே பெரும்பாலும் எடுத்துவிடுகிறார்கள், ஆனால் நேரத்தில் போக வேண்டும். முக்கியமாக, மஞ்சள் தெரிந்தால் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த அறுவைக்குப் பின் வரும் மஞ்சள், அடைப்பினாலோ கசிவினாலோ வருவதாக இருக்கக்கூடும். கீழாநெல்லிக்காகச் செலவிடும் இரண்டு நாள் ஆபத்தான இரண்டு நாளாகிவிடும். அறுவை செய்த மருத்துவமனைக்கே போங்கள், முடியாத நிலையில் 108ஐ அழையுங்கள்.

வலி குறைந்ததும் பலர் மறந்துவிடும் ஒரு தாள் உண்டு. எடுத்த பித்தப்பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அதன் பயாப்ஸி முடிவு நீங்கள் வீடு திரும்பிய பிறகே வரும். அரிதாக அதில்தான் புற்றுநோய் தெரியவருகிறது என்பதால், மறுபரிசோதனையின்போது அதை நீங்களே கேட்டு வாங்கி, மருத்துவரிடம் காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியோடும் ஸ்கேன் அறிக்கையோடும் சேர்த்து வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் வாங்கிய மாத்திரைகளின் ரசீதுகளையும் அதே உறையில் போடுங்கள், உங்கள் காப்பீட்டில் அவற்றுக்கும் இடமிருக்கலாம். பின்னாளில் வயிற்று வலி என்று வேறு எந்த மருத்துவரிடம் போனாலும், பித்தப்பை எடுக்கப்பட்டதையும் அது அவசர அறுவையாக நடந்ததையும் முதலிலேயே சொல்லி அந்த உறையைக் கொடுத்துவிடுங்கள்.