நல்லது நினைத்தும் காயப்படுத்தலாம்: மனநல மருத்துவரிடம் சில கேள்விகள்

மருத்துவத்திலும் மனநல சிகிச்சையிலும் 'தீங்கு செய்யாமை' பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு, மனநல மருத்துவராக என் பதில்கள்.

'முதலில் தீங்கு செய்யாதே' என்பது மருத்துவர்கள் எடுக்கும் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியில் இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். ஊசி போட்டாலே வலிக்கிறதே, அதுவும் தீங்குதானே? (செவிலியர் மாணவி, மதுரை)

அந்த வாசகம் அப்படியே உறுதிமொழியில் இல்லையம்மா. நோயாளிக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்வேன் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. 'உதவு, இல்லையென்றால் தீங்காவது செய்யாதே' என்ற கருத்து, பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் 'எபிடெமிக்ஸ்' நூலில் வருகிறது. பலனுக்காகத் தரும் வலியை யாரும் தீங்கு என்று சொல்வதில்லை. பலனே இல்லாத இடத்தில் தந்தால் அதே வலி தீங்காகிவிடும். சாதாரண சளிக்கு 'ஒரு ஊசி போட்டுவிடுங்கள்' என்று நோயாளியே கேட்பார். போட்டு அனுப்புவது எளிது. ஏன் வேண்டாம் என்று உட்கார்ந்து விளக்குவதுதான் கடமை.

அப்படியானால் சந்தேகம் வரும்போது ஒன்றும் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பா?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை நடந்ததைப் பாருங்கள். பாலுறவால் தொற்றும் சிபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களிடம் சிகிச்சை தருவதாகச் சொல்லிவிட்டு, நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் கவனித்துக்கொண்டிருந்தார்கள். 1940களில் அதைக் குணமாக்கும் பெனிசிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. பலர் இறந்தார்கள். மனைவிமாருக்குத் தொற்றியது, குழந்தைகள் நோயோடு பிறந்தன. மருந்து கையில் இருந்தும் கொடுக்காமல் விட்டதுதான் அங்கே நடந்த கொடுமை.

மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டு, சரி. பேசுவதில் என்ன தீங்கு வந்துவிடும்? (தன்னார்வலர், நாகப்பட்டினம்)

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். விபத்து, பேரிடர் முடிந்த உடனே பாதிக்கப்பட்டவர்களை உட்காரவைத்து, நடந்ததை முழுவதும் சொல்லவைக்கும் ஒரு முறை இருந்தது. 'டீப்ரீஃபிங்' என்பார்கள். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்ற நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். தீக்காயம் பட்டவர்களை வைத்து பிரிட்டனில் செய்த ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். ஆய்வு சிறியதுதான். ஆனால் பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இந்த முறையால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை.

ஒரு வெள்ள நிவாரண முகாமில் நான் பார்த்த சிறுமியை இன்னும் மறக்க முடியவில்லை. ஒரே நாளில் மூன்று குழுக்கள் அவளிடம் 'தண்ணீர் எப்படி வந்தது?' என்று கேட்டிருந்தன. நான் போனபோது, கேட்பதற்கு முன்பே மனப்பாடம் போல ஒப்பித்தாள். அதனால் தயவுசெய்து கிளறாதீர்கள். பாதுகாப்பான இடம், சாப்பாடு, உறவினருக்கு ஒரு போன், இவற்றை முதலில் பாருங்கள். அவர்களாகப் பேசினால் கேளுங்கள். பல வாரம் கழித்தும் தூக்கமில்லாமல், பயத்தோடு இருப்பவர்களைப் பயிற்சி பெற்றவரிடம் அனுப்புங்கள்.

தூக்க மாத்திரை ஒரு வருடமாகப் போடுகிறேன். நாளையே நிறுத்தலாமா?

வேண்டாம். சில வகை மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதிக்கொடுத்தவரிடம் போய், படிப்படியாகக் குறைக்க வழி கேளுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை முதல் நாளே அவர் உங்களிடம் பேசியிருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் புற்றுநோய். தாங்கமாட்டார் என்று அவரிடம் சொல்லவேண்டாம் என டாக்டரைக் கேட்டுக்கொண்டோம். தவறா? (திருச்சி)

உங்கள் பாசம் புரிகிறது தம்பி. ஆனால் கீமோ வார்டில் படுத்திருப்பவருக்கு எதுவும் தெரியாமல் இருக்காது. பெரும்பாலும் நீங்கள் மறைப்பது அவருக்குத் தெரியும். உங்களுக்காக அவரும் மறைப்பார். இருவரும் ஒரே அறையில் தனித்தனியாக அழுவீர்கள். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. 'உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறீங்க?' என்று டாக்டரே அவரிடம் கேட்கட்டும். 'என் பையனிடம் பேசிக்குங்க' என்று அவர் சொன்னால் அதுவும் அவர் முடிவுதான். வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், பார்க்க விரும்பும் மனிதர்கள் என்று அவர் முடிக்க வேண்டிய காரியங்கள் இருக்கும். அந்த நாட்களை அவரிடமிருந்து எடுத்துவிடாதீர்கள்.

என் மகனுக்கு 19 வயது. ஆண்களைத்தான் பிடிக்கிறது என்கிறான். 'ஆறு மாதத்தில் மாற்றிவிடலாம்' என்கிறார் ஒருவர். போகலாமா?

போகாதீர்கள் அம்மா. இது நோயே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து ஓரினச்சேர்க்கையை எடுத்துவிட்டது. 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் இப்படி 'மாற்றும்' முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதை மருத்துவர்களுக்குரிய தொழில் ஒழுங்குமீறல் என்று அறிவித்தது. இந்தச் 'சிகிச்சை'யால் யாரும் மாறி நான் பார்த்ததில்லை. உடைந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கலங்கிப்போய் இருப்பது நீங்கள் என்றால், நீங்கள் ஒரு ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கம் இல்லை. உங்களை நம்பித்தானே அவன் முதலில் உங்களிடம் வந்து சொன்னான்? இன்றிரவு அவனுக்குப் பிடித்ததைச் சமைத்துப் பக்கத்தில் உட்காருங்கள்.