வேகம் கூடினால் முனகல், டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு: இந்தக் காரில் நெடுந்தூரம் போகலாமா?

கேள்வி: எங்கள் குடும்பக் காருக்கு ஏழு வயதாகிறது. கொஞ்ச நாளாக ஓடும்போது அடியிலிருந்து 'ஊஊ' என்று ஒரு முனகல் வருகிறது, வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் சத்தமே இல்லை. போதாததற்கு இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வேறு எரிகிறது, ஆனால் இழுவையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அடுத்த வாரம் பிள்ளைகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நெடுந்தூரம் போக வேண்டும். இதே வண்டியில் போகலாமா?

பதில்: அந்த முனகல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை போகாதீர்கள். மஞ்சள் விளக்கைவிட எனக்கு முனகல்தான் கவலை. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகத்தான் பார்க்கிறார்கள். விளக்கைக் கண்டு பதறுவார்கள், சத்தம் வந்தால் பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள்.

நிறுத்திய வண்டியில் சத்தம் வரவில்லை என்பதே ஒரு நல்ல துப்பு. இன்ஜினோ அதோடு சுற்றும் பெல்ட்டோ காரணமாக இருந்தால், நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தாலே பெரும்பாலும் கேட்டிருக்கும். கேட்கவில்லை என்றால் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று என்று சந்தேகிக்கலாம். சத்தத்தை விவரிப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 'டக் டக்', 'கட கட', 'கொர்' என்று ஒரே சத்தத்தை வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். எதை மாற்றினால் சத்தம் மாறுகிறது என்று பாருங்கள், அதில்தான் விடை இருக்கிறது: வண்டியின் வேகமா, இன்ஜின் சுற்றா, ஸ்டீயரிங் திரும்புவதா, பிரேக்கா, கிளட்ச்சா, மேடு பள்ளமா, இன்ஜின் சூடா. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், இரண்டைச் சேர்த்து மாற்றினால் ஒன்றும் புரியாது.

உங்கள் விஷயத்துக்கே வருவோம். போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், முனகல் தெளிவாகக் கேட்கும் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கிளட்ச்சை முழுதாக மிதித்து இன்ஜின் சுற்றை இறங்க விடுங்கள் (ஆட்டோமேட்டிக் என்றால் ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும்). சாவியை அணைத்துவிட வேண்டாம், அணைத்தால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கிற பவர் உதவி போய்விடும். இன்ஜின் சுற்று இறங்கியும் முனகல் அதே அளவில் தொடர்ந்தால் இன்ஜினை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது முக்கியமாக இரண்டு பேர்: டயர், சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் வீல் பேரிங்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு, மெக்கானிக்குகளும் இதில் சேர்த்தி. டயர் சத்தம் சாலைக்குத் தக்கபடி மாறும். சொரசொரப்பான சாலையில் இரைச்சலாகவும், புதிதாகப் போட்ட வழவழப்பான தாரில் ஏறியதும் சட்டென்று குறைந்தும் கேட்கும். பேரிங்குக்குச் சாலை எதுவானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அடுத்து, நீளமான வளைவில் கவனியுங்கள். வலதுபக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரங்கள்மேல் சாயும், இடதுபக்கம் திரும்பினால் வலது சக்கரங்கள்மேல். வலது வளைவில் முனகல் கூடி இடது வளைவில் குறைந்தால் இடதுபக்க பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இது பெரும்பாலும் சரியாக இருக்கும், எப்போதும் என்று சொல்ல மாட்டேன்.

டயரையும் கையால் தடவிப் பாருங்கள், வண்டி நின்று டயர் ஆறிய பிறகு. ஒரு திசையில் தடவினால் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தாலோ, சுற்றிலும் மேடும் குழியுமாகத் தேய்ந்திருந்தாலோ, முனகலுக்கு அந்த டயரே காரணமாக இருக்கலாம். அப்படியானால் டயரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) விலகியதாலோ ஷாக் அப்சார்பர் தளர்ந்ததாலோதான் பெரும்பாலும் டயர் அப்படித் தேயும். அந்தக் குறை புது டயரையும் அதே கதிக்கு ஆளாக்கிவிடும். சந்தேகம் தீராவிட்டால் முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டச் சொல்லுங்கள். சத்தம் டயரோடு சேர்ந்து இடம் மாறினால் டயர், அங்கேயே நின்றால் பேரிங்.

பேரிங்கை உறுதிசெய்ய வண்டியைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும், இதை ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யட்டும். ஸ்டெப்னி மாற்றக் கொடுத்த ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது. தூக்கிய சக்கரத்தை ஒரு கையால் சுழற்றி, மறு கையை அந்தச் சக்கரத்தின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்மேல் வைத்தால், கெட்டுப்போன பேரிங்கின் நறநறப்பு கைக்கே தெரியும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் இருந்தால் ஸ்டீயரிங் டை ராட் முனை. பேரிங் முனகலோடு பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடியவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் முற்றினால் சக்கரமே ஆட ஆரம்பிக்கும், சூடேறி இறுகியும் போகலாம். பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை வேகத்தில் அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

சரி, மஞ்சள் விளக்கு. டாஷ்போர்டு விளக்குகளில் படத்தைவிட நிறத்தை முதலில் பாருங்கள். சிவப்பு என்றால் இப்போதே, மஞ்சள் என்றால் சீக்கிரம், பச்சையும் நீலமும் வெறும் தகவல். இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்து வண்டி வழக்கம்போல ஓடினால் நிதானமாக ஓட்டிப் போய்க் காட்டலாம். அதே விளக்கு மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றாமல் வெளியேறுகிறது என்று அர்த்தம், அந்த எரிபொருள் சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடக் கூடும். ஒரு ஸ்பார்க் பிளக்கிலோ காயிலிலோ முடிந்திருக்க வேண்டிய வேலை, வண்டியிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்றைக் காவு வாங்கிவிடும். மின்னினால் ஆக்ஸிலேட்டரைத் தளர்த்துங்கள். அப்படியும் மின்னுவது நிற்காவிட்டால் ஓரங்கட்டி வண்டியைக் கட்டி இழுத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

நிலையாக எரிய வைக்கும் காரணங்களில் பெட்ரோல் மூடியைச் சரியாகத் திருகாததும் ஒன்று. இன்றே போய் மூடியைக் கழற்றி, ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா பார்த்து, சத்தம் வரும்வரை திருகுங்கள். காரணம் அதுதான் என்றாலும் விளக்கு உடனே அணையாது, சில முறை ஓடிய பிறகே வண்டியின் கணினி ஒப்புக்கொள்ளும். அணையவில்லை என்றால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டி, கணினி பதிந்து வைத்திருக்கும் எரர் கோடு (பிழைக் குறியீடு) படிக்கச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில்தான் பணம் வீணாகிறது. எரர் கோடு என்பது எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்ற பட்டியல் கிடையாது, கணினிக்கு எந்த அளவீடு உறுத்தியது என்பதை மட்டுமே சொல்லும். உதாரணத்துக்கு பி0420 வந்தால் கன்வெர்ட்டர் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்று கணினி நினைக்கிறது. கன்வெர்ட்டரே தேய்ந்திருக்கலாம், சைலன்சர் பாதையில் ஓட்டை இருக்கலாம், ஆக்ஸிஜன் சென்சார் தவறாகப் படிக்கலாம். எரர் கோடைப் பார்த்த கையோடு பாகத்தை ஆர்டர் செய்பவரிடம் "எப்படி உறுதி செய்தீர்கள்?" என்று கேளுங்கள். எரர் கோடை உடனே அழிக்கவும் விடாதீர்கள், பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைக்கும் தந்திரமும் வேண்டாம். விளக்கு எரிந்த கணத்தில் வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, சூடு என்னவாக இருந்தன என்ற பதிவையும் கணினி சேர்த்து வைத்திருக்கும், அழித்தால் அதுவும் போய்விடும்.

நெடும்பயணம் போகும் குடும்பம் என்பதால் சிவப்பு விளக்குகளையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க் குவளைப் படம் எரிந்தால் 'அடுத்த பங்க் வரைக்கும்' என்ற பேச்சே கிடையாது. ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது. சில நிமிடங்களிலேயே உள்ளே உலோகமும் உலோகமும் உரசி இன்ஜின் பாழாகலாம். நிறுத்தி, அணைத்து, சமதளத்தில் கொஞ்ச நேரம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்திருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சூட்டு முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டு (இன்ஜினின் சூட்டை அது கொஞ்சம் வெளியே இழுக்கும், நமக்கு வேர்க்கும், பரவாயில்லை) பத்திரமான முதல் இடத்தில் நிறுத்தி அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் திறந்த மறுகணம் கொதித்து முகத்தில் பீய்ச்சும். பேட்டரி படம் எரிந்தால் பேட்டரியை மாற்ற ஓடாதீர்கள், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஓடும் இன்ஜினில் பேட்டரி முனைகளில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். பெல்ட் அறுந்துதான் விளக்கு எரிகிறது என்றால், சில வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் சூட்டு முள்ளும் பின்னாலேயே ஏறும். சிவப்பு பிரேக் விளக்குக்கு ஹேண்ட் பிரேக்கை விடாமல் ஓட்டுவதும் காரணமாகும், பிரேக் ஆயில் இறங்கியிருப்பதும் காரணமாகும். ஆயில் இறங்கியிருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள், பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது அல்லது எங்கோ ஒழுகுகிறது.

மற்ற சத்தங்களில் பிரேக் முக்கியம். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் சில மிதிக்கு மட்டும் 'கர்' என்று கேட்டு ஓய்ந்தால், டிஸ்க்கில் படிந்த துரு தேய்ந்து போகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு மிதிக்கும் 'கிறீச்' என்றால் பேட் முடிகிறது என்று எச்சரிக்க வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கலாம், பேட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தையும் தாண்டி நறநறவென்று அரைக்க ஆரம்பித்தால் பேட் தீர்ந்து அதன் இரும்புத் தட்டு டிஸ்க்கையே அரைக்கிறது. அதற்கப்புறம் பேட்டோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும், நிறுத்த ஆகும் தூரமும் கூடிவிடும்.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது 'டக் டக் டக்' என்று சீராக வந்தால் டிரைவ் ஷாஃப்டின் வெளிமுனையில் இருக்கும் சிவி ஜாயின்ட். சக்கரத்தின் உட்பக்கம் எட்டிப் பாருங்கள், ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். கிழிந்ததும் உறையை மாற்றியிருந்தால் ஜாயின்ட் பிழைத்திருக்கும். மேடு பள்ளத்தில் மட்டும் 'கடக்' என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராட், புஷ், ஷாக் மவுன்ட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும், அதற்கு முன் டிக்கியில் ஜாக்கியும் ஸ்பேனரும் இறுக்கிக் கட்டியிருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். கிளட்ச்சை மிதித்தால் வருவது ரிலீஸ் பேரிங் பக்கம், விட்டால் வந்து மிதித்தால் நிற்பது கியர்பாக்ஸ் பக்கம்.

சத்தமே போடாமல் கெடுக்கும் ஒன்றும் இருக்கிறது: டைமிங் பெல்ட். இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது இதுதான், சில வண்டிகளில் இதற்குப் பதில் செயின் இருக்கும். டைமிங் செயின் தளர்ந்தால் காலையில் ஸ்டார்ட் ஆனதும் சலசலப்பது உண்டு. பெல்ட்டோ பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துபோகும், பல இன்ஜின்களில் வால்வுகளையும் வளைத்துவிடும். உங்கள் வண்டியில் இருப்பது எது, பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை ஆண்டுக்கு மாற்ற வேண்டும் என்று கையேட்டில் பாருங்கள். ஏழு வருட வண்டி என்றால் பயணத்துக்கு முன் பார்த்தே ஆக வேண்டும்.

மெக்கானிக்கிடம் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். "எழுபதில் ஆரம்பிக்கிறது, கிளட்ச்சை மிதித்தாலும் நிற்பதில்லை, வலது வளைவில் கூடுகிறது" என்று சொல்லி, அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கு நேரமில்லை என்றால், வீட்டில் ஒருவர் ஓட்ட, பின் சீட்டில் இன்னொருவர் போனில் பதிவு செய்யட்டும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு நீளமான சுவரை ஒட்டி மெதுவாகப் போனால் சக்கரப் பக்கத்துச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பித் தெளிவாகக் கேட்கும், ஆனால் உங்கள் முனகல் அதிவேகத்தில் மட்டும் வருவது என்றால் இது உதவாது.

பேரிங்கோ டயரோ சரிசெய்து, எரர் கோடு என்னவென்று தெரிந்து, அது ஓட்டக் கூடியது என்று மெக்கானிக்கும் சொன்னால் தாராளமாகப் போங்கள். வேலை முடிந்த கையோடு நேரே பயணம் கிளம்பாமல், இடையில் இரண்டு நாள் உள்ளூரிலேயே ஓட்டுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருப்பார்கள் என்பதால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.