வாசகர் கேள்வி – பதில்: ஒழுகும் ஷெட் கூரை

கேள்வி: சென்னையில் கடலோரக் காசிமேட்டில் வீட்டுக்குப் பின்னால் 10க்கு 12 அடி ஷெட். ஆஸ்பெஸ்டாஸ் கூரை விரிசல் விட்டு ஒழுகுகிறது. அதன் மேலேயே தகரம் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. விரிசல் விட்ட ஷீட் கால் வைத்தாலே உடையும். ஏணிப் பலகை போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டை அறுத்து முழு ஷீட்டாக இறக்குங்கள். உடைத்தால் கிளம்பும் தூசு நுரையீரலுக்குக் கேடு; துணி மாஸ்க் அதைத் தடுக்காது, மிக நுண்ணிய தூசையும் வடிகட்டும் பி100 ஃபில்டர் மாஸ்க் வேண்டும். கழற்றியதைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றுங்கள். குப்பைத்தொட்டிக்குப் போகவே கூடாது.

கடல் உப்புக்காற்றில் வெறும் ஜி.ஐ. (துத்தநாகம் மட்டும் பூசிய) தகரம் சீக்கிரம் துருவேறும். அலுமினியம்-துத்தநாகப் பூச்சுள்ள 0.5 மி.மீ. கலர் ஷீட் வாங்குங்கள். ஒன்று சுமார் மூன்றரை அடி அகலம் மூடும். ஆக, 12 அடிப் பக்கத்தை மூட 11 அடி நீள ஷீட் 4 வேண்டும். அவற்றைத் தாங்கக் குறுக்கே 4 இரும்புப் பைப்.

ஸ்க்ரூவில்தான் பலரும் கோட்டை விடுவது. ரப்பர் வாஷர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். பிதுங்கும்வரை முறுக்கினால் கிழிந்து அங்கேயே ஒழுகும். ஷீட்டைக் கிரைண்டரால் வெட்டினால் பொறி பூச்சைச் சுட்டுவிடும், கத்தரிதான் சரி. துளை போடும்போது விழும் இரும்புத் தூளை அன்றே பெருக்குங்கள். ஓரங்களில் ஸ்க்ரூ நெருக்கமாக இருக்கட்டும். புயல் காற்று முதலில் தூக்குவது அங்கேதான்.