மாதம் 50 டொலருக்குள் ஒரு புதிய தொழிலுக்கு எந்தெந்த மென்பொருட்களை வாங்கலாம்?

கல்முனையில் மூன்று நண்பர்களாக இணையவழி விற்பனையைத் தொடங்கியிருப்பதாகவும், கணக்கு, வாடிக்கையாளர் விபரம், குழு உரையாடல் ஆகியவற்றுக்கு மாதம் 50 டொலருக்குள் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் கணினித்துறையில் படித்தவன் அல்லன். ஆனால் நீங்கள் நிற்கும் இதே இடத்தில் நின்று பணத்தையும் இரண்டு மாத உழைப்பையும் இழந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். எந்த மென்பொருளை வாங்குவதற்கு முன்னும், அதற்குள் போட்ட கணக்கைத் தமிழ்ப் பெயர்களோடு முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்று பாருங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

2021 இறுதியில் நாங்கள் நால்வர் கல்லடியில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, மருதமுனை நெசவாளர்களிடம் கைத்தறிச் சேலைகளும் சாரங்களும் வாங்கி விற்கத் தொடங்கினோம். அதற்குச் சற்று முன்னர் ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தோம். அங்கு வந்த வளவாளர் தந்த பட்டியலைப் பார்த்து, ஆளுக்கு 8 டொலர் வீதம் மூன்று மென்பொருட்களுக்குச் சந்தா கட்டினோம். நால்வருக்கும் சேர்த்து மாதம் 96 டொலர். அன்றைய விலையில் ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபா. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளர விட்டதும், 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. எங்கள் விற்பனை ஒரு சேலையால்கூடக் கூடவில்லை, அதே சந்தாவின் ரூபாக் கணக்கு மட்டும் 34 ஆயிரத்தைத் தாண்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, இணையத்தில் மட்டுமே திறக்கும் அந்தக் கணக்கைப் பகலில் பார்ப்பதே அரிதாயிற்று.

ஏப்ரலில் எங்கள் அட்டையில் இருந்து டொலர் கொடுப்பனவு போகவில்லை. கணக்கு மென்பொருள் நிறுவனம் இரண்டு வாரம் நினைவூட்டியது, பிறகு கணக்கைப் பூட்டியது, கடைசியில் விபரங்களை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள மட்டும் அனுமதித்தது. அந்தக் கோப்பை எக்செலில் திறந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. முதல் நிரலில் 43 நெசவாளர்களின் பெயர்கள் இருக்க வேண்டும்; இருந்தவை கோடுகளும் புள்ளிகளும் விளங்காத குறிகளும். பக்கத்து நிரலில் தொகைகள் மட்டும் தெளிவாக இருந்தன. நூலுக்கு முற்பணம் 4,500 என்று ஓர் இடத்தில் இருக்கிறது, யாருக்குக் கொடுத்தது என்று தெரியவில்லை. நாங்கள் கொடுக்க வேண்டிய கூலியும் அப்படியே பெயரில்லாமல் நின்றது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த உறவுக்காரத் தம்பி ஒருவர்தான் அதை மீட்டுத் தந்தார். அதே கோப்பை, எக்செலைப் போன்ற விரிதாளைக் கொண்ட இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தார். எழுத்துக்குறி முறை எது என்று அது கேட்டது, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துக்களையும் சேமிக்கும் முறையான யூ.டி.எவ்-8 என்பதை அவர் தெரிவு செய்தார், பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கோப்பில் பிழை இருக்கவில்லை, நாங்கள் திறந்த விதமே பிழை. ஆனாலும் 11 பெயர்கள் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளுமாகவே கிடந்தன. அவை, ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பட்டியலில் இருந்து பிரதி செய்து ஒட்டியவை. ஒட்டிய அன்றே அப்படித்தான் தெரிந்தன, பிறகு திருத்தலாம் என்று நாங்கள்தான் விட்டிருந்தோம். அவற்றை எழுத்துரு மாற்றியில் இட்டு ஒருங்குறிக்கு (யூனிகோட்டுக்கு) கொண்டுவந்தோம். எங்கள் பக்கத்துத் தொழில்களில் பழைய விபரங்கள் பெரும்பாலும் பாமினியில்தான் இருக்கும். உங்களிடமும் இருந்தால் முதல் வேலையாக அவற்றை மாற்றிவிடுங்கள். அந்தப் பட்டறையில் ஒன்பது மென்பொருட்களைக் காட்டினார்கள், எதிலும் ஒரு தமிழ்ப் பெயரைக்கூட இட்டுக் காட்டவில்லை என்பது எனக்கு இன்றும் மனத்தாங்கல்.

மற்றொன்றை மருதமுனையில் நெசவு செய்யும் ஒரு ராத்தா (அக்கா) எனக்கு விளங்க வைத்தார். முடிந்த சேலைகளை நெசவாளர்களே ஒரு செயலியில் பதிய வேண்டும் என்று எதிர்பார்த்தோம். அவர் தறியில் இருந்து எழாமலே, "தம்பி, கை முழுக்கச் சாயம், நான் குரல்ல சொல்லி அனுப்புறன், நீங்க எழுதிக்கொள்ளுங்க" என்றார். அன்று முதல் அவர்கள் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புகிறார்கள், நாங்கள் அன்று மாலைக்குள் கூகுள் விரிதாளில் ஏற்றுகிறோம். குரல்பதிவையே கணக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். தொலைபேசி தொலைந்தால் கணக்கும் தொலையும்.

இப்போது வரவுசெலவு குனுகாஷ் என்ற கணக்கு மென்பொருளில் நடக்கிறது. அது இலவசம், கணினியிலேயே இருக்கும், இணையம் இல்லாமலும் திறக்கும். ஒரே நேரத்தில் இருவர் அதில் எழுத முடியாது என்பது உண்மையான குறை. ஒருவர் மட்டும் கணக்கு எழுதுவதால் எங்களுக்கு அது பொருந்துகிறது. வாடிக்கையாளர்களுக்கு வட்ஸ்அப் பிஸ்னஸ் போதுமாக இருக்கிறது. 'பணம் வந்தது', 'அனுப்பியாயிற்று' என்று உரையாடல்களுக்கு அடையாளம் இட்டு வைக்கிறோம்.

காசு கொடுக்க மனமில்லாதவன் எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் இணையதளப் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் இன்றும் தவறாமல் பணம் கட்டுகிறோம். ஐம்பது ஊழியர்கள் உள்ள நிறுவனத்துக்கு நான் சொல்வது பொருந்தாது என்பதையும் அறிவேன். இலவசம் என்பதற்காக எதையும் நம்பவும் சொல்லவில்லை. ஸ்லாக் என்ற குழு உரையாடல் மென்பொருள் 2022 செப்டெம்பரில் இருந்து இலவசப் பயனர்களுக்குக் கடைசி 90 நாள் உரையாடலை மட்டுமே காட்டத் தொடங்கியது. மூன்று பேர் ஒரே அறையில் இருக்கும் உங்களுக்கு உரையாடல் மென்பொருள் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

ஆகவே 50 டொலரை உடனே செலவிடாதீர்கள். நீங்கள் எண்ணியிருக்கும் கணக்கு மென்பொருளின் இலவசச் சோதனைக் காலத்திலேயே பத்துத் தமிழ்ப் பெயர்களையும் பத்துப் பற்றுச்சீட்டுகளையும் உள்ளே இட்டு, அன்றே கோப்பாக இறக்கி, வேறொரு கணினியில் திறந்து, ஒரு பற்றுச்சீட்டைத் தமிழில் அச்சிட்டும் பாருங்கள். அரை மணிநேர வேலைதான். டொலர் 360க்குப் போனால் அந்தச் சந்தாவைக் கட்ட முடியுமா என்ற கணக்கையும் அந்தத் தாளிலேயே போட்டுவிடுங்கள். எந்த மென்பொருளை எண்ணியிருக்கிறீர்கள் என்று எழுதினால், எங்கள் பழைய பெயர்ப்பட்டியலை அதில் இட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.