வீடியோ கேம் கடைக்குக் கூட்டம் திரும்புமா? கேள்வி பதில்

இருபத்திரண்டு ஆண்டுகளாக, கடையில் காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்களைப் பழுது பார்த்து வருகிறேன். பெரிய மால்களிலும் வேலை செய்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு எதிரே நான்கு மெஷின் போட்ட சிறு கடைகளிலும் செய்திருக்கிறேன். கூட்டம் குறைந்துபோன இந்தத் தொழில் மீள வேண்டும் என்ற ஆசையோடுதான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): வீட்டில் பிளேஸ்டேஷன், கையில் போன். பிறகு ஏன் ஒருவர் காசு கொடுத்துக் கடைக்கு வர வேண்டும் ஐயா?

1978இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ கேம் கடைகளுக்கு வந்தபோது அப்படியொரு ஆட்டத்தை வீட்டில் பார்க்கவே முடியாது. அந்தச் சாதகம் தொண்ணூறுகளின் முடிவிலேயே கரைந்துவிட்டது. படத்தின் அழகை நம்பி இனிக் கடை நடத்த முடியாது. வீட்டுக்குள் அடங்காததைத்தான் வைக்க வேண்டும். 1998இல் கொனாமி நிறுவனம் கொண்டுவந்த டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன் என்ற ஆட்டத்தின் நடன மேடை, கார் ஓட்டும் இருக்கை, பெரிய மேளம் எல்லாம் இந்த வகை. அதைவிட முக்கியம், பக்கத்தில் நிற்கும் எதிராளி. 1991இல் இருவர் மோதும் சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது உலகெங்கும் கடைகள் நிரம்பின. முன்பின் தெரியாத இருவர் ஒரே மெஷினின் முன் தோளோடு தோள் உரச ஆடினார்கள். பின்னால் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்துப் பேரை இணையம் வீட்டுக்குக் கொண்டுவந்து தராது.

கேள்வி (சென்னை): ஜப்பானின் பெரிய வீடியோ கேம் நிறுவனமான சேகாவே தன் கேம் கடைகளை விற்றுவிட்டதே. முடிந்துபோன தொழில்தானே?

2020 டிசம்பரில் பெரும்பங்கையும் 2022இல் மீதியையும் ஜெண்டா என்ற நிறுவனத்துக்கு விற்றது உண்மை. வாங்கியவர்கள் அந்தக் கடைகளைக் கீகோ என்ற பெயரில் நடத்தி வருகிறார்கள். ஒருவர் விலகினார், மற்றொருவர் காசு போட்டு வாங்கினார். முடிந்துபோன தொழிலை யார் வாங்குவார்கள்?

கேள்வி (சேலம்): டோக்கனா, பணம் ஏற்றித் தேய்க்கும் கார்டா, நுழைவுக் கட்டணமா? எதில் நட்டம் வராது?

இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஜப்பானில் ஒரு ஆட்டத்துக்கு நூறு யென் நாணயம் என்பது பல்லாண்டு வழக்கம். அங்கே விற்பனை வரி 1989இல் 3 சதவீதமாகத் தொடங்கி 1997இல் 5, 2014இல் 8, 2019இல் 10 என்று ஏறியது. ஆனால் நாணயத் துளையில் நூற்றிப்பத்து யென் போட முடியாதே! வரியின் சுமை கடைக்காரர் தலையில் விழுந்தது. வாடகையும் மின்சாரமும் ஏற, ஆட்டத்தின் விலை மட்டும் அசையாமல் நின்றது. ஒற்றை நாணயத்தை நம்பியதற்குக் கொடுத்த விலை அது.

மறுபக்கம், சிகாகோவுக்கு அருகே புரூக்ஃபீல்டில் 2010இல் தொடங்கிய கேலோப்பிங் கோஸ்ட் என்ற கேம் கூடத்தைப் பாருங்கள். வாசலில் ஒருமுறை கட்டினால் நாள் முழுதும் ஆடலாம். மெஷின்கள் தொள்ளாயிரத்துக்கும் மேல். இங்கிலாந்தின் பரி ஊரிலுள்ள ஆர்கேட் கிளப்பும் இதே முறைதான். இது ஏன் எடுபடுகிறது? பழைய ஆட்டங்கள் ஆளைச் சீக்கிரம் தோற்கடித்து அடுத்த காசு கேட்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. புதிதாக வருபவன் ஒரு நிமிடத்துக்குள் தோற்பான். காசு போன வருத்தத்தில் போய்விடுவான். நுழைவுக் கட்டணம் கட்டியவன் மீண்டும் ஆடுவான், நான்காவது முறை கொஞ்சம் பழகிவிடும், அடுத்த வாரமும் வருவான்.

என் யோசனை: பழைய மெஷின்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம், பெரிய இருக்கை மெஷின்களுக்குக் கார்டு. அந்தக் கார்டில் புள்ளிகள் வேண்டாம், ரூபாயையே காட்டுங்கள். ஒரு ஆட்டத்துக்கு என்ன செலவானது என்று கணக்குப் பிடிபடாத குடும்பம், கார்டில் மிச்சப் பணம் இருந்தும் திரும்பி வருவதில்லை.

கேள்வி (திருச்சி): புது மெஷின் வாங்கினால்தான் கூட்டம் வருமா?

வேண்டாம். இருப்பதை ஓட வையுங்கள். ஒரு மாலில் கண்ணெதிரே நடந்தது. எட்டு வயதுப் பையன் பைக் மெஷினில் ஏறி உட்கார்ந்தான், அப்பா கார்டைத் தேய்த்தார், பணம் போனது, ஆட்டம் தொடங்கவில்லை. பணியாளர் வந்து பார்த்து, ‘அது காலையிலிருந்தே அப்படித்தான் சார்’ என்றார். பையன் கைப்பிடியை விடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. காலையிலேயே தெரிந்திருந்தால் ஒரு துணியைப் போட்டு மூடியிருக்கலாமே!

ஆடுபவர் கையால் பிடித்துத் தள்ளும் ஸ்டிக்கின் அடியில் நான்கு திசைக்கு நான்கு சிறு ஸ்விட்சுகள் இருக்கும். தள்ளும்போது ‘டிக்’ என்று கேட்க வேண்டும். ஒரு திசையில் சத்தம் மழுங்கினால் அந்த ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது என்று பொருள். மாற்றுவது பத்து நிமிட வேலை, செலவும் சொற்பம். அதைச் செய்யாமல் விட்டால், குதிக்க வேண்டிய இடத்தில் குதிக்காமல் தோற்பவன் தன்னையே நொந்துகொண்டு போவான். கடை திறக்கும் முன் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு நிமிடம் ஆடிப் பாருங்கள்.

கேள்வி (கோவை): பொம்மை பிடிக்கும் மெஷின் ஏமாற்று வேலை என்கிறார்களே?

பிடியின் இறுக்கத்தைக் கடைக்காரர் கூட்டிக் குறைக்க முடியும் என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. சேகா 1985இல் யூஎஃப்ஓ கேட்சர் என்ற பொம்மை பிடிக்கும் மெஷினைக் கொண்டுவந்தது. இன்று ஜப்பானியக் கடைகளுக்குப் பெரும் வருமானம் இவ்வகை மெஷின்களில்தான். அங்கே ஒருவர் பலமுறை தவறவிட்டால், பணியாளரே கண்ணாடியைத் திறந்து பொம்மையை எளிதான இடத்துக்கு நகர்த்தி வைப்பார். இங்கும் அப்படிச் செய்யுங்கள். பொம்மையோடு வெளியே போகும் குழந்தையைப் பார்த்து இன்னும் நாலு குழந்தைகள் உள்ளே வரும்.

கேள்வி (தஞ்சாவூர்): பெண்கள் வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பேக்மேன் என்ற வீடியோ கேமை உருவாக்கிய தோரு இவாதானி, பெண்களும் ஜோடிகளும் கடைக்கு வர வேண்டும் என்று எண்ணித்தான் 1980இல் அந்த ஆட்டத்தை அமைத்தார். ஆட்டத்தை மாற்றும் முன், நல்ல வெளிச்சம், சுத்தமான கழிப்பறை, கவுன்டரில் ஒரு பெண் பணியாளர் இருக்கட்டும்.

கேள்வி (ஈரோடு): போட்டி நடத்தினால் பயன் உண்டா அண்ணா?

நிச்சயம் உண்டு, பரிசுத்தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. சண்டை ஆட்டங்களுக்காக நடக்கும், இன்று உலகப் புகழ் பெற்ற ஈவோ போட்டியின் தொடக்கம், 1996இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் சில டஜன் பேர் ஆடியதுதான். கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமை மாலையைத் தேர்ந்தெடுங்கள். வாரம் தவறாமல் நடத்துங்கள். மூன்று பேர்தான் வந்தார்கள் என்று முதல் மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். வென்றவர் பெயரைச் சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதி வாசலில் வையுங்கள். அடுத்த செவ்வாய் வரை அழிக்க வேண்டாம்.