24,000 ரூபாய்ப் பெட்டியில் சிநேகிதம் வருமா?

கேள்வி: என் மகன் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான், ஆறு வயது. யாரோடும் ஒட்டுவதில்லை, பொருளைப் பிடுங்குகிறான், விளையாட்டில் தோற்றால் அடித்துவிடுகிறான் என்று டீச்சர் சொல்கிறார். பள்ளி மூலமாக வந்த ஒருவர், படக்கதைப் புத்தகங்களும் 'ஸ்டெம்' செய்முறைப் பொருட்களும் உள்ள ஒரு பெட்டியைக் காட்டினார். விலை 24,000 ரூபாய். மாதம் 2,000 கட்டினால் போதும், ஆறு மாதத்தில் பிள்ளை எல்லோரோடும் பழகிவிடுவான் என்கிறார். வாங்கலாமா? (ஒரு தாய், பர்கூர்)

பதில்: வாங்காதீர்கள், சகோதரி. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால் தவணை பற்றிக் கீழே சொல்லியிருப்பதை முதலில் படியுங்கள்.

ஆறு வயதில் தோல்வி பொறுக்காமல் அடிப்பது நோய் அல்ல. உங்கள் பையனுக்குக் கை முந்துகிறது, சொல் பிந்துகிறது. படக்கதையும் கையால் செய்து பார்க்கும் விளையாட்டும் அதற்கு நல்ல வழிகள்தாம். அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அந்தப் பாதியில்தான். அவர் விற்கும் பெட்டி ஒரு பிள்ளைக்கு ஒன்று என்று செய்தது. மோட்டார், வயர், சக்கரம் எல்லாவற்றையும் ஒருவனே எடுத்து ஒருவனே மாட்டி முடித்துவிடலாம். யாரோடும் ஒட்டாத பிள்ளைக்கு, யாருமே தேவைப்படாத ஒரு வேலையையா காசு கொடுத்து வாங்கித் தருவீர்கள்?

முதலில் படக்கதை. 1983-ல் விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் சிறு பிள்ளைகளிடம் ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றுகிறாள். திரும்பி வருகிற பையன் எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கிற இடத்தைக் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. நாலைந்து வயதில் அது பிடிபடும். உங்கள் மகனுக்கும் அது தெரிந்திருக்கும், கோபம் வந்தால்தான் மறந்துபோகும். ஆகவே கோபம் இல்லாத நேரத்தில், மடியில் உட்காரவைத்து, அடுத்தவர் மனசை யோசித்துப் பழக்க வேண்டும். படக்கதை அதற்குத்தான்.

எழுத்து வரியைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். யாருடைய முகம் மாறுகிறதோ அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "இவன் ஏன் இப்படி நிக்கிறான்?" என்று கேளுங்கள். பிறகு பேசாமல் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நமக்கு வராதது இதுதான். மூன்று எண்ணுவதற்குள் பதிலை நாமே சொல்லிவிடுவோம். காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு திண்ணையில் இப்படி நான் ஒரு பாப்பாவுக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் இருந்த யானையைக் காட்டி, இது ஏன் சிரிக்குது என்று கேட்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துப் பக்கத்தின் ஓரத்தில் இருந்த அணிலின் மேல் விரலை வைத்து, "அதுக்கு யாரும் எடம் உடல" என்றாள். அந்த அணிலை நான் பார்க்கவே இல்லை. எண்ணி முடிக்கும்வரை பொறுத்திராவிட்டால் அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வந்திருக்காது.

கடைசிப் பக்கத்தில் "இதிலிருந்து என்ன தெரியுது?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளை பரீட்சைக்கு உட்கார்ந்ததுபோல் ஆகிவிடும்.

வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 1988-ல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் தாங்களே வாசித்துக் காட்டிக்கொண்டே போகாமல் பிள்ளையைக் கேட்டுக் கேட்டுப் பேசவைத்தார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு மற்றவர்களைவிட முன்னேறியிருந்தது. சொல் பிந்துகிற பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

புத்தகத்துக்கு 24,000 எதற்கு? பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழிலும் குறைந்த விலையில் போடுகிறது. கிளை நூலகமும் உண்டு. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நீங்கள் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆனால் நான் போன ஒரு நூலகத்தில் படப் புத்தகங்கள் கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடந்தன. கேட்டால் "பிள்ளைங்க கிழிச்சிடும்" என்றார்கள். கிழியாமல் இருபது வருஷம் இருந்து யாருக்கு லாபம்? திறந்து தரச் சொல்லிக் கேளுங்கள், தராவிட்டால் மறுநாளும் போய்க் கேளுங்கள்.

அடுத்தது செய்முறை. ஸ்டெம் என்பது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகள், அவ்வளவுதான். நம் ஒகேனக்கல் பரிசலையே செய்யலாம். அடுப்படியில் இருக்கும் அலுமினிய ஃபாயிலில் உள்ளங்கை அளவு ஒரு துண்டு, குண்டானில் தண்ணீர், இரண்டு கை புளியங்கொட்டை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஃபாயில் உங்கள் மகன் கையில், கொட்டை அவள் கையில். மடிப்பவன் கொட்டையைத் தொடக்கூடாது, கொட்டை வைப்பவள் பரிசலைத் தொடக்கூடாது. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்துப் பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒட்டாமல் சண்டையிட்டபோது உளவியலாளர் எலியட் ஆரன்சன் செய்ததும் இதே ஏற்பாடுதான். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். அடுத்தவனைக் கேட்காமல் யாராலும் பாடத்தை முடிக்க முடியவில்லை.

இரண்டு பரிசல் விட்டுப் போட்டி வைத்துவிடாதீர்கள். பரிசல் ஒன்றுதான். எத்தனை கொட்டை தாங்கியது என்று சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள், நாளை அதைத் தாண்டட்டும். மூழ்கினால் பரிசல்தான் மூழ்கியது, அடிக்க எதிரில் ஆள் இல்லை. குறுகலாக மடித்தால் சீக்கிரம் கவிழும். அடி அகலமாக இருந்தால் அதிகத் தண்ணீரைத் தள்ளி இடம் பிடிக்கும், அதனால் அதிகம் தாங்கும். கொட்டையை ஓரமாகப் போட்டால் சாய்ந்துவிடும். "ஓரத்துல போடாத, நடுவுல போடு" என்று அவனே கத்துவான். அப்போது அவள் முறைத்தால், "அவ என்ன செய்யலாம்னு சொல்றா? அத நீ சொல்லு, அப்புறம் உன் யோசனையச் சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம் போதும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டையை எண்ணி எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி அந்தத் தவணை. "மாதம் 2,000" என்பது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். போனில் வந்த ஓடிபியைச் சொன்னதும் விற்பவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பெட்டி பிடிக்காவிட்டாலும் தவணை நிற்காது. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிப்படி, இப்படிப் போன் வழியாக எடுக்கும் கடனில் விலகிக்கொள்ள அவகாசம் உண்டு. எத்தனை நாள் என்பது கடன் பத்திரத்தில் இருக்கும். அதற்குள் அசலையும் அந்தச் சில நாள் செலவையும் கட்டினால் அபராதம் இல்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு அது கட்டாயம். "இது பொம்மை இல்லை, கல்விப் பொருள்" என்று மழுப்புவார்கள். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும். கைரேகை வைத்துப் பிள்ளையின் குணம் சொல்கிறோம் என்பவர்களும் இதே பையோடு வருவார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019-லேயே சொல்லிவிட்டது. பள்ளிக்கூடங்கள் இவர்களைக் கேட்டுக்குள் விடுவதுதான் எனக்குத் தாங்க முடியாதது. தலைமை ஆசிரியர் சிபாரிசு என்று நம்பித்தானே நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு அது முக்கியம். உங்கள் வீட்டில் என்ன மொழி என்று நீங்கள் எழுதவில்லை. ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி, உங்கள் பர்கூர் பக்கமெல்லாம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் நடுவே தடுமாறும் பிள்ளைகள் ஏராளம். மைதானத்தில் "எனக்கும் குடு" என்று சொல்ல வாய் வருவதற்குள் பந்து போய்விடும், அதனால் பிடுங்குவான். டீச்சருக்கு அது முரட்டுத்தனமாகத் தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சித்தி பிள்ளைகளோடு வீட்டுப் பேச்சில் விளையாடும்போது கவனியுங்கள். அங்கே முறை வைத்து விளையாடுகிறான் என்றால் அவனுக்குப் பழகத் தெரியும், இல்லாதது தமிழ்ச் சொல்தான். அப்படியானால் படக்கதையை முதலில் வீட்டு மொழியில் படியுங்கள். ஸ்டோரிவீவரில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் உண்டு. அதே கதையைப் பிறகு தமிழில் காட்டுங்கள். "நானும் வரட்டா?", "அடுத்தது எனக்கு", "இன்னொரு வாட்டி ஆடலாமா?" என்ற மூன்றையும் பரிசல் விளையாட்டில் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் டீச்சர் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். தாயோடு பேசுகிற மொழியைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளை பேசவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

டீச்சரிடம் ஒன்று கேளுங்கள்: அடிப்பது எந்த நேரத்தில், எந்த விளையாட்டில், யாரை? ஒரு வாரம் குறித்துத் தரச் சொல்லுங்கள். இடைவேளையில் ஒரே பையனோடு ஒரே பந்துக்காகத்தான் என்று தெரிந்தால், பரிசலுக்குக் கூப்பிட வேண்டியது அந்தப் பையனைத்தான்.